பால்காய்ப்புக்கு வராத கதை

அன்புள்ள விஜி,

உன் வீட்டுப் பால்காய்ப்புக்கு "முகூர்த்த சமயம்டி, தையல் குவிந்து கிடக்கு" என்று போனில் சொல்லி வராமல் இருந்தேன் இல்லையா, அது பொய். அன்றைக்கு நான் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் டிரிப்ஸோடு படுத்திருந்தேன். ஐந்து நாள் ஸ்டீராய்டு. வாயெல்லாம் துருப்பிடித்த ஆணியைச் சப்பின ருசி. திட்டுவதைத் திட்டி முடித்துவிட்டு மேலே படி.

மார்கழியில் ஒரு கல்யாண ரவிக்கைக்கு நூல் எடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல சிவப்பு. கண்ணில் ஏதோ விழுந்தது என்று வலது கண்ணைக் கசக்கினால், இடது கண்ணுக்கு அந்த நூல் வெளுத்துப்போய்ச் செங்கல் தூள் மாதிரி தெரிகிறது. மாற்றி மூடினேன், சிவப்பு. சமையல்கட்டுக்கு ஓடி முண்டு மிளகாய் டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஒரு கண்ணுக்கு இந்த வருசத்து மிளகாய், இன்னொரு கண்ணுக்கு மூன்று வருசத்துப் பழசு! கண்ணை உருட்டினால் உள்ளே வலி வேறு. முதலில் காட்டிய இடத்தில் கண்ணாடி எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நானும் போட்டுக்கொண்டு அலைந்தேன், ஜெபமணி டீச்சர் மாதிரி இருக்கிறேன் என்று செல்வி சிரித்தாள்.

அப்புறம் மிஷினில் குனிந்தால் பிடரியிலிருந்து முதுகு வழியாகக் கரண்ட் ஓடியது. மிஷின்தான் ஷாக் அடிக்கிறது என்று நினைத்தேன். மிதி மிஷினில் ஏதுடி கரண்ட்! பிறகு வலது பாதம் மரத்துப்போய், பெடல் மேல் கால் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மதுரையில் தலைக்கும் தண்டுவடத்துக்கும் ஸ்கேன் எடுத்து, முதுகில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். தமிழில் தண்டுவட மரப்பு நோயாம். என் மாமியார் இரண்டையும் விட்டுவிட்டு "வாதம்" என்று ஊருக்கே சொல்லிவிட்டார்.

டாக்டர் சொன்னதை இவர் படகு பாஷையில் எனக்குப் பெயர்த்துச் சொன்னார். ஒயருக்கு மேலே உறை இருக்கிறதே, உப்புக் காத்து அரித்து அது உரிந்துபோனால் லைட் மினுக் மினுக்கென்று எரியும் இல்லையா, அதேதான். நம் உடம்பின் காவல் படையே நரம்பு உறையை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. இது யாருக்கும் தொற்றாது. பாப்பாவுக்கும் வருமா என்று டாக்டரிடம் கேட்டேன், இதைத்தான் முதலில் கேட்டேன். நேரடியாகப் பரம்பரையில் இறங்குகிற நோய் இல்லை, அவளுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் என்றார். அந்தக் "கொஞ்சம்" எத்தனை ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை தெரியுமா.

இப்போது மாத்திரை, காலை ஒன்று, ராத்திரி ஒன்று. நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போடாவிட்டால் முகமெல்லாம் சிவந்து எரியும். அடுத்த தாக்குதலைக் குறைக்கத்தான் அது, போன உறையை ஒட்டித் தராது. மற்றதெல்லாம் நாம் வாழ்கிற விதத்தில் என்று சொல்லிவிட்டு டாக்டர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "வெயிலைத் தவிருங்கள்."

பாம்பன்காரியிடம்! தகரக் கூரைக்குக் கீழே கடை வைத்திருக்கிறவளிடம்!

ஆனால் அது நிஜம் விஜி. உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே உரிந்த நரம்பில் சேதி ஓடாது. பதினொரு மணிக்குக் கடையில் இருந்தால் இடது கண்ணில் புகை படரும், கால் இரும்பாகும். 1890-இலேயே ஊட்டாஃப் என்று ஒரு ஜெர்மன் டாக்டர் இதை எழுதி வைத்திருக்கிறாராம். ஸ்கேன் இல்லாத காலத்தில் ஆளை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து, பார்வை மங்குகிறதா என்று பார்த்தே நோயைக் கண்டுபிடித்தார்களாம். அவர்கள் சித்திரையில் இந்தப் பக்கம் வந்திருந்தால் தொட்டிச் செலவு மிச்சம். நல்ல சேதி என்னவென்றால், சூட்டில் வருவது சூடு தணிந்ததும் போய்விடும், புதுச் சேதம் இல்லை. புதிதாக ஏதாவது வந்து ஒரு நாளுக்கு மேல் நின்றால்தான் டாக்டருக்குப் போன் போட வேண்டும். இது தெரியாமல் முதல் மாதம் ஒவ்வொரு மத்தியானமும் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

அதனால் என் நாள் தலைகீழாகிவிட்டது. நாலரைக்கு எழுந்து எட்டு மணிக்குள் வெட்டுகிற வேலையும் நுணுக்க வேலையும். மத்தியானம் கடை அடைப்பு. சாயங்காலம் கொக்கியும் ஓரமும். மிஷினுக்கு மோட்டார் போட்டாச்சு, குனியாமல் தைக்க மேசைக்குக் கீழே கட்டை கொடுத்தாச்சு. ஒரு நாளைக்கு ஆறு ரவிக்கை தைத்தவள் இப்போது மூன்று. நாலாவதைத் தொட்டால் மறுநாள் எழுந்திருக்க முடிவதில்லை. இது தூங்கினால் போகிற அசதி இல்லை, யாருக்கும் புரியவைக்கவும் முடியவில்லை. "நல்லாத்தானே இருக்கே" என்கிறார்கள். கால் உடைந்து கட்டுப் போட்டிருந்தால் ஊரே கஞ்சி கொண்டுவந்திருக்கும்.

மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை இவர் வீட்டில்தான். சமையல் அவர் கையில், வாரத்தில் நாலு நாள் கருவாட்டுக் குழம்பு. பீடி இந்த நோயை முடுக்கிவிடும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டுக்குள் பிடிப்பதில்லை, புளியமரத்தடிக்குப் போகிறார். விட்டுவிட்டேன் என்கிறார், மரத்தடி சொல்கிறது வேறு கதை. ஐஸ் பெட்டியில் துண்டை நனைத்து வைத்து என் கழுத்தில் சுற்றிவிடுவதும் அவர்தான். மீனைப் போல என்னையும் கெடாமல் வைத்திருக்கிறாராம்.

விடிகாலையில் வடகடலில் இறங்குகிறேன், நானே! முழங்காலுக்கு மேல் நனையாத உன் பழைய சாந்தி. தென்கடல் இப்போது கொந்தளிப்பு, வடகடல் குளம் மாதிரி கிடக்கிறது. சில்லென்று இருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனாலும் இடுப்பளவு தண்ணீரில் நடந்தால் கால் என் காலாக இருக்கிறது, விழுந்துவிடுவோம் என்ற பயம் இல்லை. மாமியார் ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடச் சொல்கிறார். கிணற்றுத் தண்ணீர் குளிர்ச்சிதானே, அதிகாலையில் போனால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இன்னொன்று, சிரிக்காதே. அவசரமாக ஒன்றுக்கு வந்துவிடுகிறது என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலும் சேர்ந்து, காலே எழவில்லை. இப்போது பாட்டில் பக்கத்திலேயே. அப்புறம், இந்த வெயிலில் பிறந்து வளர்ந்த எனக்கு விட்டமின் டி குறைவாம்! அதற்கும் மருந்து.

2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இந்த நோயின் பெயரும் இருக்கிறது, சான்றிதழுக்கு எழுதிப்போடு என்கிறார் இவர். படிவம் மேசை மேல்தான் கிடக்கிறது. இரண்டு தடவை பேனாவை எடுத்தேன், பேரை எழுதினேன், அதற்குக் கீழே போக முடியவில்லை. நீ வந்தால் பக்கத்தில் உட்காருடி.

லீவு முடிவதற்குள் வா, புதுப் பாலத்தில் ரயிலில் வா. பால்காய்ப்புப் புடவைக்கு ரவிக்கை நான்தான் தைப்பேன், அளவை எழுதி அனுப்பு, காலேஜ் அளவையே எழுதி ஏமாற்றாதே. சிவப்பு என்றால் நூலைச் செல்வியிடம் காட்டிவிட்டுத்தான் கோப்பேன், பயப்படாதே.

மணி எட்டாகப் போகிறது, தகரம் சடசடக்க ஆரம்பித்துவிட்டது. கடையை அடைக்கிறேன்.

உன்,
சாந்தி