பறை வாசித்தவரின் பெயரையும் எழுதுங்கள்

சென்னையில் திரைப்படங்களுக்கு இசையமைப்பவர்களுக்கும் அவற்றைத் தயாரிப்பவர்களுக்கும் வணக்கம்.

நான் சாலிகிராமத்தில் வசிக்கும் பறை இசைக் கலைஞன். வடபழனி, கோடம்பாக்கம் பகுதி ஒலிப்பதிவுக் கூடங்களிலிருந்து அழைப்பு வரும்போதெல்லாம் குழுவோடு போய் வாசித்துவிட்டு வருகிறேன். தமிழ்த் திரையிசையில் பறையின் ஒலி இன்று தாராளமாகவே கேட்கிறது. அதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு. ஆனால் அதை வாசித்தவர் யார் என்பது படத்தின் டைட்டிலிலோ, பாடல் வெளியாகும் செயலிகளின் விவரப் பகுதியிலோ பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. இந்த மடல் அதைப் பற்றியது.

ஏசி அறையில் பறை வாசிப்பது எளிதன்று. வேப்பமரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோல் குளிரில் தளர்ந்துவிடும். எனவே இரண்டு டேக்குக்கு ஒருமுறை வெளியே ஓடி, வண்டி நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் பழைய தாள்களைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டு திரும்புவோம். இடக்கையின் மெல்லிய சிம்புக்குச்சியும் வலக்கையின் தடித்த அடிக்குச்சியும் தோலின் எந்த இடத்தில், எந்த வேகத்தில் விழ வேண்டும் என்பதைப் பல ஆண்டுப் பழக்கம்தான் கற்றுத்தரும். சப்பரத்து அடி, மருள் அடி, சாமிச்சாட்டு அடி, வாழ்த்தடி என்று ஒவ்வொன்றுக்கும் தனி நடை உண்டு. 'சினிமா அடி' என்று ஓர் அடிக்கே பெயர் வைத்திருக்கிறார்கள் எங்கள் மூத்த கலைஞர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நால்வர் ஒரு பாடலுக்காகப் பகல் முழுவதும் வாசித்தோம். ஒரு கால்ஷீட்டுக்கான பணம் கைக்கு வந்தது. பின்னர் அதே அடிகள், துண்டு துண்டாக வெட்டப்பட்டு, எங்களுக்குத் தொடர்பே இல்லாத வேறொரு படத்தின் சண்டைக் காட்சியில் ஒலித்ததைத் திரையரங்கில் உட்கார்ந்து கேட்டேன். சொந்தக் கையின் அடி எனக்குத் தெரியாதா? யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் தெரியவில்லை, ஏனெனில் முதல் படத்திலேயே எங்கள் பெயர் இல்லை.

பெயர் என்பது வெறும் மரியாதை மட்டுமன்று என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம், வணிகப் பயன்பாட்டுக்கான ராயல்டியில், பாடுபவர், வாசிப்பவர் போன்ற நிகழ்த்துக் கலைஞருக்கு உரிமை தருகிறது. ஆனால் அதே திருத்தம், திரைப்படத்தில் தற்செயலான அல்லது துணைமையான பங்கு மட்டுமே ஆற்றி, தொழில் வழக்கப்படி டைட்டில் உட்பட எங்கும் குறிப்பிடப்படாத ஒருவரை நிகழ்த்துக் கலைஞராகக் கருத வேண்டியதில்லை என்றும் சொல்கிறது. வாசிப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமை ஒன்றுதான் அவருக்கு மிஞ்சும். ஆக, டைட்டிலில் விடுபடும் ஒரு வரி, கலைஞரின் சட்ட உரிமையையே வலுவிழக்கச் செய்துவிடக்கூடும்.

பறையைப் பொறுத்தவரை இதில் இன்னொரு வலியும் இருக்கிறது. தொல்காப்பியம் நிலங்களுக்கு உரிய கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையை எண்ணியிருந்தும், இதை வாசித்தவர்களை ஊர்கள் தலைமுறை தலைமுறையாகச் சாதிப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டன. சாவு வீட்டுக்கு வந்து அடிப்பதை அவர்கள்மேல் கட்டாயமாகச் சுமத்தின. அந்த நிலையிலிருந்து மீண்டு, பறையை விடுதலையின் கருவியாகவும் மேடைக் கலையாகவும் கையில் எடுத்தவர்களின் உழைப்பு பெரிது. அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது, ஒரு பறைக் கலைஞரின் சொந்தப் பெயரை நாடே உச்சரித்தது. திரைப்படத்தில் மட்டும் நாங்கள் ஏன் பெயரற்றவர்களாக இருக்க வேண்டும்?

முன்பே பதிவுசெய்து கணினியில் சேமித்த சாம்பிள் ஒலிகளையே பயன்படுத்தாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. செலவும் நேரமும் உங்களுக்கு இருக்கும் நெருக்கடி என்பதை அறிவேன். ஆனால் அந்தச் சாம்பிளையும் ஒரு மனிதர்தான் வாசித்தார். எனவே, பறை, உறுமி, பம்பை எதுவாயினும், வாசிப்பவரோடு ஒலிப்பதிவு நாளிலேயே ஒரு பக்கத்தில் எழுத்து ஒப்பந்தம் செய்யுங்கள். எந்தப் பாடலுக்காக அந்த வாசிப்பு, வேறு படத்தில் எடுத்தாண்டால் எவ்வளவு தொகை என்பவை அதில் இருக்கட்டும். கிடாரையும் வயலினையும் வாசிப்பவர்களின் பெயர்களை நீங்கள் எழுதும் அதே பட்டியலில், அதே எழுத்தளவில், எங்கள் பெயர்களையும் கருவியின் பெயரோடு சேர்த்து எழுதுங்கள். அடுத்து நீங்கள் வெளியிடப்போகும் பாடலிலிருந்தே இதைத் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பறை இசைக் கலைஞன் ஒருவன்,
சாலிகிராமம், சென்னை.