கரோல் லோம்பார்ட் டிவிடி தொகுப்பு: புகார் கடிதம்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: டிஸ்க் 2, 3 மற்றும் கையேட்டை மாற்றித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். 1930களின் ஹாலிவுட் நகைச்சுவை நடிகை கரோல் லோம்பார்டின் படங்கள் அடங்கிய, தாங்கள் வெளியிட்ட நான்கு டிஸ்க் தொகுப்பை எங்கள் திரைப்படச் சங்கத்துக்காக வாங்கினோம். பெட்டியில் 'அசல் வடிவம்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இரண்டு டிஸ்குகளில் அது பொய்.

டிஸ்க் 2, 'மை மேன் காட்ஃப்ரே' (1936). படத்தின் அகல-உயர விகிதம் 1.37:1. அகலத்திரை டிவியை நிரப்புவதற்காக மேலும் கீழும் நறுக்கி 1.78:1 ஆக்கியதில் ஃப்ரேமின் உயரத்தில் ஏறக்குறைய கால்வாசி போய்விட்டது. டைட்டிலில் பெயர்கள் ஆற்றங்கரைக் கட்டடங்களில் விளக்குப் பலகைகளாக எரியும், தண்ணீரில் அவற்றின் பிம்பம் ஆடும். தங்கள் டிஸ்கில் தண்ணீர் பாதிதான் தெரிகிறது. நனைந்த உடையோடு ஐரீன் (லோம்பார்டின் பாத்திரம்) கட்டிலில் எகிறும்போதெல்லாம் தலை மறைந்துவிடுகிறது. உடம்பு முழுவதையும் வைத்துச் சிரிக்கவைக்கும் நடிகையை இப்படியா வெட்டுவது?

இதே படம் 94 நிமிடம்; டிஸ்கில் 90 நிமிடம்தான். காட்சி எதுவும் விடுபடவில்லை. நொடிக்கு 24 ஃப்ரேம் ஓட வேண்டியதை 25 ஆக ஓட்டிவிட்டு, ஒலியின் சுருதியைத் திருத்தாமல் விட்டிருக்கிறீர்கள். எல்லாக் குரலும் 4 சதவீதம் மேலே ஏறி நிற்கிறது. லோம்பார்ட் இயல்பாகவே மூச்சுவிடாமல் பேசுகிறவர், இதில் கீச்சிடுகிறார்.

டிஸ்க் 3, 'நத்திங் சேக்ரட்' (1937). லோம்பார்ட் நடித்த ஒரே முழுநீள டெக்னிகலர் (மூவண்ண முறை) படம் என்பதால்தான் இதை எதிர்பார்த்தோம். வந்திருப்பது செங்கல் நிறமும் பாசி நிறமும் மட்டும். 1940களில் மறுவெளியீட்டுக்காகப் போட்ட இருவண்ண சினிகலர் பிரதியிலிருந்து எடுத்தது போலிருக்கிறது. அதில் இல்லாத நிறத்தை எந்தக் கணினியாலும் மீட்க முடியாது. மூவண்ணப் பிரதியிலிருந்துதான் புதிதாக எடுக்க வேண்டும். பதிப்புரிமைக் காலம் முடிந்த படம்தானே என்று கைக்குக் கிடைத்ததைப் போட்டுவிட்டீர்களோ?

கையேட்டில் இரண்டு பிழைகள். 'காட்ஃப்ரே'க்காக அவர் ஆஸ்கர் வாங்கவில்லை, பரிந்துரை மட்டுமே. அந்த ஆண்டு வென்றவர் லூயிஸ் ரெய்னர். 1934இல் 'ட்வென்டியத் செஞ்சுரி'யில்தான் நகைச்சுவைக்கு வந்தார் என்பதும் தவறு. 1927 முதலே நகைச்சுவைப் படத் தயாரிப்பாளர் மாக் சென்னட்டின் குறும்படங்களில் விழுந்து எழுந்து பழகியவர்.

டிஸ்க் 1, 4 இரண்டிலும் குறையில்லை. மற்ற இரண்டையும் கையேட்டோடு மாற்றித் தாருங்கள். 30 நாட்களுக்குள் இயலாதெனில் தொகுப்பின் முழு விலையையும் திருப்பித் தர வேண்டும். ரசீது நகலும், வெட்டுப்பட்ட ஃப்ரேம்களின் படங்களும் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
செயலாளர், திரைப்படச் சங்கம்