மாப்பிள்ளைக்கு எந்த விசா?

அன்புள்ள மகளுக்கு,

நீங்கள் இருவரும் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்து ஒரு வருடமாவது எங்களோடு இருக்கப்போகிறீர்கள் என்றதிலிருந்து அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கும் அப்படித்தான். ஆனால் வெளிநாட்டுக்காரரான மாப்பிள்ளைக்கு ஈ-டூரிஸ்ட் விசா போட்டால் போதும், ஆன்லைனிலேயே முடிந்துவிடும் என்றாயே, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த விசாவில் ஒரு காலண்டர் வருடத்துக்கு மொத்தமே 180 நாள்தான் தங்கலாம். ஐந்து வருடம் என்று போட்டிருப்பது வந்துபோவதற்கு, தங்குவதற்கு இல்லை. இங்கே வந்து நீட்டித்துக்கொள்ளலாம், வேறு விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துவிடாதே, இரண்டுக்கும் அதில் வழி கிடையாது. பாதியில் மாப்பிள்ளை மட்டும் மூட்டை கட்ட வேண்டிவரும்.

இந்தியரைக் கட்டியவர்களுக்கென்றே என்ட்ரி விசா இருக்கிறது, 'எக்ஸ் விசா' என்பார்கள். ஐந்து வருடம் வரைகூடத் தருவதுண்டு. கேட்கும் காகிதங்கள் அதிகம்தான், நாளும் பிடிக்கும். இருக்கட்டுமே, அவர் இங்கே வருவது ஊர் சுற்றிப் பார்க்கவா? உன் கணவராக வருகிறார், அந்த உரிமையிலேயே வரட்டும்.

கல்யாணச் சான்றிதழில் கவனமாக இரு. சடங்கு நடத்தி வைத்தவர் அன்றைக்கே கையில் கொடுத்த அழகான தாளை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறாய், அது செல்லாது. ஆஸ்திரேலியாவில் உங்கள் மாநிலத்துப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவகம் தரும் சான்றிதழ்தான் கணக்கு. அதை வாங்கி, வெளிநாட்டிலும் செல்லும்படி அரசு சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரையும் போட்டு வைத்துக்கொள். பின்னாலும் உதவும்.

பின்னால் என்றது ஓசிஐ கார்டை, இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமக்கள் அட்டை என்பார்களே, அதை. அது கிடைத்துவிட்டால் ஆயுளுக்கும் விசாக் கவலை இல்லை, வெளிநாட்டினரைப் பதியும் எஃப்ஆர்ஆர்ஓ அலுவலகத்தில் போய்ப் பதியவும் வேண்டாம். ஆனால் கல்யாணம் பதிவாகி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ந்து இரண்டு வருடம் நிறைந்திருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் ஆகவில்லை. அதனால்தான் இப்போதைக்கு எக்ஸ் விசா என்கிறேன். அதற்காக ஓசிஐ வந்தால் எல்லாம் நம் கையில் என்றும் இல்லை: ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. கல்யாணம் முறிந்தால் அந்தக் கார்டும் போய்விடும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் தெரிந்திருக்கட்டும்.

உனக்கும் ஒன்று. அங்கே குடியுரிமை எடுத்தால் அந்த நிமிடமே உன் இந்தியக் குடியுரிமை போய்விடும். அப்புறம் நீயே இங்கே வர ஓசிஐயோ விசாவோ கேட்டு நிற்க வேண்டும். எடுக்காதே என்று சொல்லவில்லை. இந்தப் பயணத்துக்கு நடுவில் வேண்டாம்.

விசா கைக்கு வந்ததும் அதில் எழுதியிருப்பதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவானால் வந்த 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓவில் பதிய வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். வெளிநாட்டுக்காரரை வீட்டில் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் எஃப்ஆர்ஆர்ஓவுக்கு ஆன்லைனில் தகவல் கொடுக்கும் வேலை எங்களுடையது. ஹோட்டல்காரர்களுக்கு மட்டும்தான் அது என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். சொந்த மாப்பிள்ளைக்கு எதற்கு என்று ஒரு மூச்சு சத்தம் போட்டுவிட்டு, இப்போது அதற்கான ஆன்லைன் கணக்கைத் தொடங்க உட்கார்ந்திருக்கிறார்.

மாப்பிள்ளை அங்கத்திய வேலையை இங்கிருந்து லேப்டாப்பில் பார்ப்பதாகச் சொன்னாய். அதற்கு அந்த விசாவில் அனுமதி உண்டா என்று விண்ணப்பிக்கும்போதே இந்தியத் தூதரகத்தில் வாய்விட்டுக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கு. ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்தாலே வருமான வரிச் சட்டப்படி இங்கே வசிப்பவர் ஆகிவிடுவார். ஆகவே ஏப்ரலில் வருவதா அக்டோபரில் வருவதா என்பதையும் ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

டிக்கெட் மட்டும் விசா வந்த பிறகு போடு. மாப்பிள்ளையின் பாஸ்போர்ட் எந்தத் தேதிவரை செல்லும் என்று பார்த்து இன்றைக்கே எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு.

அன்புடன்,
அம்மா