பாளையக்காரர் போரைப் பாடமாக எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வரலாற்றுப் பாடம் எழுதுகிற, வகுப்பில் நடத்துகிற ஆசிரியர்களுக்கு வணக்கம்.

பாளையக்காரர் போர் என்றதும் நம் வாயில் முதலில் வருவது "காட்டிக்கொடுத்துவிட்டார்கள்" என்பதுதான். நான் பள்ளியில் கேட்டதும் அதுதான், இன்று என் மகள் வீட்டுக்கு வந்து சொல்வதும் அதுதான். வீரம் நம் பக்கம், துரோகம் அந்தப் பக்கம், கடைசியில் தூக்குக்கயிறு. இதில் பொய் இல்லை. ஆனால் இரண்டு படைகள் எப்படி மோதின, எது யாருக்குக் கைகொடுத்தது, யார் எங்கே சறுக்கினார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால், அந்தப் போரில் நின்றவர்கள் வெறும் ஆவேசத்தில் போய்ச் செத்தவர்களாகத்தான் பிள்ளைகள் மனதில் பதிவார்கள். எனக்கு இது மிகவும் வருத்தமாக இருக்கிறது.

பாஞ்சாலங்குறிச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1799 அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டு, கோட்டையையும் இடித்துவிட்டு, இனித் தொல்லை இல்லை என்று கிழக்கிந்தியக் கம்பெனி நினைத்தது. 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வருகிறார், சில நாட்களுக்குள் அதே இடத்தில் மண்கோட்டை மறுபடி நிற்கிறது. எத்தனை ஊர்க்காரர்கள் இரவும் பகலும் மண் சுமந்திருக்க வேண்டும்! மேஜர் மெக்காலே (ஆங்கிலக் கல்விக்காக நாம் அறிந்த மெக்காலேயின் பெரியப்பா) ஒருமுறை வந்து பார்த்துவிட்டுத் திரும்பினார், மார்ச் 31-ல் பீரங்கியால் மதிலைப் பிளந்து ஆட்களை ஏற்றினார், ஏறியவர்களை நீளமான ஈட்டிகள் மேலே வரவிடவில்லை. பெரிய இழப்போடு பின்வாங்கினார்கள். கர்னல் அக்னியூ கூடுதல் படையும் பீரங்கிகளும் கொண்டுவந்த பிறகுதான், மே 24-ல் கோட்டை விழுந்தது.

விழுந்த விதமும் முக்கியம். மதிலுக்குள் இருந்தவரை ஈட்டி துப்பாக்கியைச் சமாளித்தது, வெட்டவெளிக்கு வந்ததும் குதிரைப்படை துரத்தித் துரத்தி வெட்டியது. வெளியே இருந்தவனுக்கு நேரமும் குண்டும் பணமும் வந்துகொண்டே இருந்தன, உள்ளே இருந்தவர்களிடம் இருந்ததுதான் இருந்தது. அன்று காயம்பட்டுக் கிடந்த ஊமைத்துரையை ஒரு கிராமத்துப் பெண் தூக்கிப்போய், தேடி வந்தவர்களிடம் அம்மையில் இறந்துபோன பிள்ளை என்று சொல்லிக் காப்பாற்றினாள். இதை எழுதி வைத்தவர் எதிரிப் படையில் இருந்த ஓர் அதிகாரி. அந்தப் படைக்கு எவ்வளவு பணம் இருந்தும் இப்படி ஒரு துணை ஊருக்குள் கிடைக்கவில்லை.

அப்புறம் சிவகங்கைக் காடு, ஊமைத்துரை போய்ச் சேர்ந்த மருது சகோதரர்களின் சீமை. சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்கு மரம் வெட்டிப் பாதை போட்டு அக்னியூவின் படை ஏறத்தாழ ஒரு மாதம் முட்டிப் பார்த்தது, முடியாமல் திரும்பியது. பீரங்கி வண்டியும் மூட்டைமுடிச்சும் இல்லாமல் நகர முடியாத படைக்கு முள்காடுதான் பெரிய பகைவன். அதன் பிறகுதான் செப்டம்பரில் சோழபுரத்தில் படமாத்தூர் கௌரிவல்லபரைச் சிவகங்கைக்கு உரியவர் என்று கம்பெனி முன்னிறுத்தியது. கோடரியால் ஆகாததை ஒரு பட்டம் கட்டும் சடங்கு செய்துமுடித்தது, ஏனென்றால் மருதிருவர் ஆண்டாலும் அவர்கள் அரச வழியினர் அல்லர் என்கிற உறுத்தல் அந்தச் சீமையில் ஏற்கெனவே இருந்தது. அக்டோபர் 1-ல் காளையார்கோவில் விழுந்தது, 24-ல் மருதிருவரைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். இதைத் துரோகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், நம் பக்கத்தில் ஏற்கெனவே இருந்த விரிசலைப் பிள்ளைகள் பார்க்கவே மாட்டார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய பலவீனம் காலம் என்று நினைக்கிறேன். 1799 மே மாதம் திப்பு வீழ்ந்தார், செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சி, 1800-ல் வடக்கே கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட துந்தாஜி வாக், 1801-ல் ஊமைத்துரையும் மருதிருவரும். ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஒருவர் விழுந்த பிறகு அடுத்தவர். கம்பெனி ஓர் இடத்தை முடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் படையை நகர்த்தினால் போதுமானதாக இருந்தது.

இது அவர்களுக்கே தெரியாமலா இருந்தது? 1801 ஜூனில் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோவில் சுவரிலும் ஒட்டப்பட்ட சின்ன மருதுவின் அறிக்கையைப் பாருங்கள். எல்லாச் சாதியாரும் மதத்தாரும் சேர்ந்து எழச் சொல்கிறது, அதோடு வெள்ளையரிடம் வேலைபார்க்கும் சுபேதார், ஜமேதார், ஹவில்தார், சிப்பாய் என்று பதவி பதவியாகக் கூப்பிடுகிறது. கம்பெனிப் படையில் பெரும்பாலோர் இந்த மண்ணில் பிறந்த சிப்பாய்கள்தான். எதிரியின் பலமே அவன் பலவீனமும் என்று சின்ன மருது கண்டுகொண்டதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அன்று அந்தச் சிப்பாய்கள் கம்பெனிக்கு எதிராகத் திரும்பவில்லை, ஐந்தே ஆண்டில், 1806-ல், வேலூரில் திரும்பினார்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை இந்தப் பாடத்தைத் திருத்தும்போது தூக்குமேடைப் படத்தோடு சிறுவயலிலிருந்து காளையார்கோவில் வரையிலான வரைபடம் ஒன்றையும், அந்த அறிக்கையின் ஒரு பக்கத்தையாவது முழுதாகவும் போடுங்கள். தேர்வில் "காட்டிக்கொடுத்தவர் யார்?" என்று ஒரு மதிப்பெண்ணுக்குக் கேட்கிற இடத்தில், "மார்ச்சில் விழாத கோட்டை மே மாதத்தில் ஏன் விழுந்தது?" என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பாடத்தைப் படிக்கும் பிள்ளையின் தகப்பன்