வெடியோசையும் கணினிக் கணக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டும் அந்த ஒரு கணத்தில்தான் வெடியோசை எழும் என்று பலரும், ஏன், என் மாணவர்களில் சிலரும்கூட எண்ணுகிறார்கள். உண்மையில் அவ்வேகத்தை மீறிப் பறக்கும் நேரமெல்லாம் அதிர்ச்சியலைகள் (வெடியோசையாக நம் காதில் விழும் திடீர் அழுத்த அலைகள்) கூம்பாக விரிந்து, பாதை நெடுகத் தரையைத் தொட்டுக்கொண்டே வரும். இதைக் கணினியில் உருவகப்படுத்துவோர் முதலில் விமானத்தையொட்டிய காற்றழுத்தத்தையும், பின்னர் அவ்வலை பல கிலோமீட்டர் இறங்கித் தரையை அடைகையில் கொள்ளும் வடிவத்தையும் கணக்கிடுகிறார்கள். பின்னது எளிதன்று, வெப்பநிலை, ஈரப்பதம், காற்றோட்டம் மூன்றும் அதை மாற்றும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆடியில் பாயும் காற்றைக் கண்ட பணகுடிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2025 அக்டோபரில் முதன்முதலாகப் பறந்த நாசாவின் எக்ஸ்-59 என்னும், வெடியோசையைத் தணிக்க முயலும் ஆய்வு விமானத்தின் நீண்ட மூக்கு, அலைகள் ஒன்றுசேர்ந்து வலுக்காதிருக்க இத்தகைய கணக்குகளின் துணையோடு வடிக்கப்பட்டதே. தங்கள் அறிவியல் பக்கத்தில் இதைப் படங்களுடன் விரிவாக வெளியிட வேண்டுகிறேன்.

இயற்பியல் ஆசிரியர், பாளையங்கோட்டை