கட்டடக் குழு: சம்பள விவரம் வெளியே போக வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம். நம் பள்ளிக் கட்டட வேலைக்கான மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் (வேலைத் திட்டம் போடும் மென்பொருள்) கோப்பில் மேற்பார்வையாளர் முதல் எலக்ட்ரீஷியன் வரை எல்லாருடைய மணிக்கூலியும் தெரிகிறது. ஞாயிறு காலை 10 மணிக் கூட்டத்துக்கு முன் இதைச் சரிசெய்துவிடுவோம்.

1. பழைய கோப்பை யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். போனில் இருந்தாலும் அழித்துவிடுங்கள்.
2. மணிக்கூலி இருக்கும் 'ஸ்டாண்டர்ட் ரேட்' பத்தியை மறைத்தால் போதாது. கோப்பைத் திறப்பவர் யாரும் அதைத் திரும்பக் கொண்டுவரலாம்.
3. செலவும் வேலை நேரமும் தெரிந்தாலே வகுத்துப் பார்த்துவிடுவார்கள் (நம் ஆட்கள் கணக்கில் புலி!). அதனால் எல்லாருக்கும் ஒரே சராசரித் தொகை போட்ட கோப்பு இன்று மாலை வரும். இனி அது மட்டும்தான்.
4. உண்மைத் தொகை பொருளாளரிடம், கடவுச்சொல் போட்ட எக்ஸெல்லில் இருக்கும்.

அழித்தவர்கள் சனி இரவுக்குள் 'சரி' என்று பதில் போடுங்கள்.

– செயலாளர்