சென்னை அரசின் தடையும் பத்திரிகைச் சுதந்திரமும்: குடிமையியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். பத்திரிகைச் சுதந்திரத்தைப் பற்றி மாணவர்களுக்கு எழுதும்போது, அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு அதை வழங்கியிருக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். அந்தப் பிரிவில் பத்திரிகை என்ற சொல்லே கிடையாது. பேசவும் கருத்தை வெளியிடவும் குடிமக்கள் அனைவருக்கும் உரிமை உண்டு என்று மட்டுமே அது சொல்கிறது. பத்திரிகையாசிரியரும் குடிமகனே என்பதால் பத்திரிகைக்கெனத் தனியாக எழுத வேண்டியதில்லை என்பது அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் தந்த விளக்கம். 1950-இல் அது சோதனைக்கு உள்ளானது. அதற்குக் காரணமாக இருந்தது நம்முடைய சென்னை அரசு.

அதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். 1910-ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம், அச்சகம் வைத்திருப்பவரிடம் ஜாமீன் தொகை கேட்கவும், எழுதியது பிடிக்காவிட்டால் அதைப் பறிமுதல் செய்யவும் அரசுக்கு அதிகாரம் தந்தது. சென்னையில் அன்னி பெசன்ட் நடத்திய 'நியூ இந்தியா' நாளிதழ் கட்டியிருந்த 2,000 ரூபாய் 1916-இல் பறிபோனது. அவர் உயர் நீதிமன்றம் சென்றார், தோற்றார். அந்தச் சட்டத்தையே செல்லாது என்று சொல்ல வைக்கும் அடிப்படை உரிமை எதுவும் அன்று எழுதப்பட்டிருக்கவில்லை.

அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து ஐந்து வாரங்கள்கூட ஆகாத நிலையில், 1950 மார்ச் 1 அன்று, பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஆங்கில வார இதழ் மாநிலத்துக்குள் வரவோ விற்கப்படவோ கூடாது என்று சென்னை அரசு ஆணையிட்டது. நேரு அரசின் கொள்கைகளைக் கடுமையாக விமர்சித்துவந்த இடதுசாரி இதழ் அது. ஆணைக்கு அடிப்படை 1949-ஆம் ஆண்டின் சென்னைப் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டம். தாப்பர் நேராக உச்ச நீதிமன்றத்தை அணுகினார். முதலில் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. அடிப்படை உரிமைகளின் காவலர் என்ற பொறுப்பை ஏற்ற தாங்கள் மனுதாரரைத் திருப்பி அனுப்ப முடியாது என்று நீதிபதிகள் மறுத்தனர்.

மே 26 அன்று வந்த பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர், சென்னையில் வழக்கறிஞராகவும் உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்த பதஞ்சலி சாஸ்திரி. இதழை வாசகரிடம் கொண்டுசேர்க்கும் உரிமை இல்லாமல் அச்சிடும் உரிமைக்குப் பெரிய மதிப்பில்லை என்றும், அந்த உரிமைக்கு அரசு விதிக்கக்கூடிய வரம்புகளைச் சொல்லும் அன்றைய 19(2) உட்பிரிவு அரசின் பாதுகாப்பைக் குலைக்கும் எழுத்தையே தடுக்க இடம் தருகிறது, பொது ஒழுங்கு என்ற அகலமான காரணம் அதற்குள் அடங்காது என்றும் அவர் எழுதினார். தடை வீழ்ந்தது. அதே நாளில், தில்லியில் 'ஆர்கனைசர்' இதழுக்கு விதிக்கப்பட்ட முன்தணிக்கையையும் நீதிமன்றம் ரத்து செய்தது. ஒன்று இடதுசாரி இதழ், மற்றொன்று இந்துத்துவ இதழ். உரிமை என்பது கருத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுவதன்று என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்த இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

தீர்ப்போடு பாடத்தை நிறுத்திவிடாதீர்கள். முதல் பொதுத் தேர்தல் நடப்பதற்கு முன்பே, 1951 ஜூனில், தற்காலிக நாடாளுமன்றம் முதல் திருத்தத்தை நிறைவேற்றி, நீதிமன்றம் ஏற்க மறுத்த அதே 'பொது ஒழுங்கு' என்பதை 19(2)-இல் சேர்த்தது. அதுவும் தொடக்கம் முதலே அங்கிருந்ததாகக் கருதப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு. என் பார்வையில் அது பெரும் பின்னடைவு. ஆயினும் கட்டுப்பாடுகள் 'நியாயமானவை'யாக இருக்க வேண்டும் என்ற சொல்லும் அப்போதுதான் நுழைந்தது; கட்டுப்பாடு நியாயமானதா என்று நீதிமன்றங்கள் இன்றுவரை அரசைக் கேட்பது அதன் பலத்தில்தான்.

ஆகவே என் கோரிக்கை இதுதான்: 1950-இல் இருந்த 19(2)-ஐயும் 1951-இல் திருத்தப்பட்டதையும் ஒரே பக்கத்தில் அருகருகே அச்சிடுங்கள். எந்தெந்தச் சொற்கள் சேர்ந்தன, அவற்றால் யார் கை வலுப்பெற்றது என்பதை மாணவர்களே எழுதும்படி பயிற்சி வினா ஒன்றையும் கீழே கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்